முக்காலிப் பாறை வெளிச்சம்

செருப்பை அங்கிட்டே விட்டுட்டு வாங்கம்மா. படி கொஞ்சம் செங்குத்தா இருக்கும், கம்பியப் பிடிச்சுக்கங்க. வீடு பாக்க வர்றவங்க எல்லாம் மொதல்ல தண்ணி வருமான்னுதான் கேப்பாங்க. நீங்க வந்ததும் வராததுமா மாடியைக் காட்டுங்கன்னு கேட்டீங்க பாருங்க, அப்பவே எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு.

இந்தா, இதான் மாடி. பாதி வீடு, பாதி வெட்டவெளி. ஒரு ஹாலு, ஒரு ரூம்பு, அடுப்படி. போன வருசந்தான் பெயிண்ட் அடிச்சோம். இங்கிட்டு வாங்க, கைப்பிடிச் சுவருகிட்ட. அந்தா மலை. கையெட்டுற தூரம் மாதிரி இருக்கா? நடந்து போய்ப் பாருங்க, அரை நாளு ஆகிப்போகும். குறுக்கால கருப்பாப் பட்டை போட்ட மாதிரித் தெரியுதே, அதான் மாசி மாசம் எரிஞ்ச எடம். அதுக்கு மேல மூணு கால் ஊணி நிக்கிற மாதிரி ஒரு பாறை தெரியுதா? அதான் முக்காலிப் பாறை. இந்தத் தெருவுலயே அந்தப் பாறை தெரியிறது என் மாடியில இருந்து மட்டுந்தான். மத்த வீடுகளுக்கெல்லாம் கல்யாண மண்டபம் மறைச்சிரும்.

என்ன, அந்த ஓட்டு வீட்டைப் பாக்குறீங்க? அது இன்பவள்ளி வீடு. உக்காருங்க, காபி போட்டுக் கொண்டாரேன். குடிச்சுக்கிட்டே கேளுங்க. நான் சொல்லாட்டி நாளைக்கு வேற எவளாவது கண்ணு காது மூக்கு வச்சுச் சொல்லுவா. குடி வர்றவங்க நீங்க, என் வாயாலயே கேட்டுக்கிட்டுப் போங்க.

இந்தாங்க. சீனி பத்துதா?

இன்பவள்ளி வீட்டுக்காரரு பேரு ஒச்சப்பன். எனக்கு அண்ணன் முறை வேணும். அதை மொதல்லயே சொல்லிர்றேன், வேற மாதிரி நெனைச்சிராதீங்க. அவருக்குக் கோடையானா மலையில தீக்காவல் வேலை. பாரஸ்ட்டுல வருசா வருசம் நம்ம ஊரு ஆளுகளை எடுப்பாங்க. தீ பிடிக்காமப் பாத்துக்கணும், பிடிச்சா அணைக்கணும். மாசியில ஏறினா ரெண்டு நல்ல மழை விழுகிற வரைக்கும் மேலதான் சோறு, மேலதான் படுக்கை. மாத்து ஆள் வந்தா ஒருநாள் எறங்கி வந்துட்டுப் போவாங்க. மலையில செல்போனுக்கு டவர் கிடையாது. ஆபீசருக கையில வாக்கி டாக்கி இருக்கும். அது ஆபீசோட பேசும், பொண்டாட்டியோட பேசுமா?

அதனால தீக்காவலுக்குப் போறவங்க மடியில ஒரு சவரக் கண்ணாடி வச்சிருப்பாங்க. உச்சிப் பொழுதுக்கு இங்க ஸ்கூல்ல சத்துணவு மணி அடிக்கும். அந்த நேரத்துக்கு முக்காலிப் பாறையில ஏறி நின்னு வெயிலைக் கண்ணாடியில வாங்கி ஊரைப் பாத்துக் காட்டுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கணக்கு. ஒச்சப்பன் அண்ணனுக்கு மூணு தடவை. பளிச், பளிச், பளிச். நான் நல்லாருக்கேன்னு அர்த்தம். இங்கிருந்து வீட்டு ஆளுக அதே மாதிரி காட்டணும். வீட்டுலயும் சுகந்தான்னு அர்த்தம். பதில் வரலேன்னு வைங்க, வீட்டுல என்னமோ சரியில்லன்னு அவங்க மாத்து ஆளைக் கேட்டு வாங்கிக்கிட்டு மறுநாள் எறங்கிருவாங்க. அம்புட்டுத்தான் ஏற்பாடு.

மண்டபம் கட்டுறதுக்கு முந்தி அவளுக்கு அவ வாசல்ல இருந்தே பாறை தெரியும். கட்டின பெறகு என்கிட்டத்தான் வந்து நின்னா. "யக்கா, உங்க மாடியில ஒரு ஓரமா நின்னுக்கிறேன்க்கா"ன்னா. வாடின்னேன். இல்லேன்னா சொல்லுவேன்? எனக்கென்ன நட்டம்னு நெனைச்சேன்.

நட்டம் என்னன்னு பெறகுதான் தெரிஞ்சது. கோடை பூரா தினமும் வருவா. மூஞ்சி கழுவி, பொட்டு வச்சு, தலையில பூவு கூட வச்சுக்கிட்டு வருவா. மலையில இருக்கிற மனுசனுக்கு இவ பூவா தெரியப் போகுது? வந்து அந்தா அந்த மூலையில நிப்பா. மணி அடிக்கும். வெளிச்சம் வரும். இவ காட்டுவா. காட்டிட்டு அந்தக் கண்ணாடியைத் தாவணிப் பொண்ணு மாதிரி நெஞ்சுல அணைச்சுக்கிட்டுப் படியெறங்குவா. அப்பறந்தான் போய்ச் சோறு திம்பா. அது வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படாது.

நான் வடகம் காயப்போடுற மாதிரி இங்கனயே நிப்பேன். ஒரு கோடையில எம்புட்டு வடகந்தான் போட முடியும், சொல்லுங்க.

பொறாமைதான். அதை எதுக்கு உங்ககிட்ட மறைக்கணும்? அவகிட்ட என்ன இருக்குன்னு பொறாமைன்னு நீங்க கேக்கலாம். மழை பெஞ்சா வீட்டுக்குள்ள நாலு எடத்துல குண்டான் வைக்கணும். கழுத்துல மஞ்சக் கயித்தைத் தவிர ஒரு பொட்டுத் தங்கம் கிடையாது. எனக்கு என்ன கொறை? எங்க வீட்டுக்காரரு பேரு சன்னாசி. பேருதான் சன்னாசி, வாழைக்காய் கமிசன் மண்டி வச்சிருக்காரு, ரெண்டு செல்போன் வச்சிருக்காரு. ரெண்டுலயும் நாள் பூரா பேச்சுத்தான். கேரளாக்காரன்கிட்ட பேசுவாரு, லாரிக்காரன்கிட்ட பேசுவாரு. சாப்பிட்டியான்னு எனக்கு ஒரு போன் வந்ததில்ல. நான் பண்ணினா, "என்ன, சொல்லு"ம்பாரு. சொல்ல என்ன இருக்கு? வச்சிருவேன்.

ஒருநாள் எனக்கு என்ன தோணுச்சோ, அவரு மண்டியில இருந்து சாப்பாட்டுக்கு வர்ற நேரமாப் பாத்து, இங்கன நின்னு அவரு சவரக் கண்ணாடியை எடுத்து வெளிச்சம் அடிச்சேன். தெருமுனையில வந்துக்கிட்டிருந்தாரு. மூணு தடவை அடிச்சேன். கையை வச்சு நெத்தியை மறைச்சுக்கிட்டு மேல பாத்தாரு. "கண்ணு கூசுது, எடு அங்கிட்டு"ன்னாரு. அம்புட்டுத்தாம்மா. சோத்தைப் போட்டேன், தின்னுட்டுப் படுத்துட்டாரு.

சரி, அது கெடக்கட்டும். தீயைச் சொல்ல வந்தேன்.

இந்த வருசம் மாசியில ஒருநாள் காலையில துணி காயப்போட வந்தேன். மலைக்கு அங்கிட்டு நூல் மாதிரி ஒரு புகை. எவனோ சருகைக் கொளுத்தியிருக்கான்னு நெனைச்சேன். மத்தியானத்துக்குள்ள அது கம்பு கனம் ஆச்சு. சாயங்காலம் வெளக்கு வைக்கிற நேரத்துல மலை முதுகுல செவப்பா ஒரு கோடு ஓடுது. சும்மா சொல்லக்கூடாது, பாக்க அழகாத்தான் இருந்துச்சு. சாமி புறப்பாட்டுக்கு சீரியல் பல்பு போட்ட மாதிரி. அழகுன்னு வாய்விட்டுச் சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன், ஏன்னா பக்கத்துல இன்பவள்ளி நின்னா.

மறுநாள் காயப்போட்ட வேட்டியெல்லாம் கருப்புக் கருப்பாச் சாம்பல். வடகம் பூரா வீணாப் போச்சு. மயிலுக கூட்டமா எறங்கி மண்டபத்துக் கூரையில உக்காந்துக்கிச்சு. காட்டுமாடு ஒண்ணு வாழைத் தோப்புல வந்து பேயறைஞ்ச மாதிரி நின்னுச்சுன்னாங்க. எந்த ரூம்புக்குப் போனாலும் புகை வாடை, சோத்துல கூட. ஊரு சனம் பூரா எங்கிட்டு வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? என் மாடிக்குத்தான். மலை முழுசாத் தெரியிறது இங்க மட்டுந்தானே. கால் வைக்க எடமில்ல. நான் பானையில டீ போட்டேன், சேரெல்லாம் தூக்கியாந்து போட்டேன். "போதுமணி மாடிக்குப் போனா எல்லாம் தெரியும்"னு தெருமுனையில பேசிக்கிட்டாங்களாம். போதுமணிங்கிறது என் பேருதான். எனக்கு முன்னால வரிசையா நாலு பொம்பளைப் பிள்ளைக, அதான் அப்பா அப்படி வச்சிட்டாரு.

ஆனா வந்த சனம் என்ன பண்ணுச்சுங்கிறீங்க? ஏறி வரும், மலையைப் பாக்கும், அப்பறம் எல்லாத் தலையும் இன்பவள்ளி பக்கம் திரும்பும். "ஒம் புருசன் மேலயாடி இருக்காரு?" "அய்யோ பாவமே, சாப்பிட்டியாடி?" என் சேருல அவளை உக்கார வச்சு, என் டம்ளர்ல என் டீயை ஊத்தி அவ வாயில வைக்கிறாளுக. மைக்கைத் தூக்கிக்கிட்டு ஒரு டிவிக்காரப் பையன் வந்தான். நான்தான் அவனுக்கு எல்லாத்தையும் சொன்னேன். தீ எங்க ஆரம்பிச்சது, காத்து எப்படித் திரும்புச்சு, பாறைக்கு என்ன பேரு, எல்லாம். அரைமணி நேரம் தொண்டைத்தண்ணி வத்தப் பேசினேன். ராத்திரி நியூசுல பாத்தா இன்பவள்ளி மூஞ்சி வருது. ஒரு வார்த்தை பேசல அவ, கண்ணுல தண்ணி மட்டும். பின்னால என் தண்ணித் தொட்டி தெரிஞ்சது. எனக்கு வந்தது அம்புட்டுத்தான்.

எனக்கும் மலையைப் பாத்துப் பதறணும்னுதான் ஆசை. பதற ஆளு வேணுமேம்மா. எங்க வீட்டு ஆளு கீழ கட்டில்ல உக்காந்து, புகையில வாழை வெலை ஏறும்னு போன்ல சொல்லிக்கிட்டிருந்தாரு.

ரெண்டு நாளா பாறை புகையில மறைஞ்சுபோச்சு. வெளிச்சமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆபீசுல எல்லாரும் பத்திரமா இருக்காங்கன்னுதான் சொன்னாங்க. அவ நம்பல. சோறு தண்ணி இல்லாம அந்த மூலையிலயே உக்காந்திருந்தா. மூணாம் நாள் காலையில காத்து அங்கிட்டுத் திரும்பி, பாறை தெரிய ஆரம்பிச்சது. நான் நெனைச்சேன், இவ மத்தியானத்துக்குப் பூ வச்சுக்கிட்டு வந்துருவான்னு. வரல. காலையிலயே வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"யக்கா, இன்னிக்கு நான் மாடிக்கு வரலக்கா. வந்தா கை தானாக் கண்ணாடிக்குப் போயிரும்"னா.

"ஏன்டி, அவரு காட்டினா பதில் காட்ட வேணாமா?"ன்னேன்.

"அதான்க்கா வேணாங்கிறேன். அவருக்கு இழுப்பு இருக்கு. இந்தப் புகையில இன்னும் ரெண்டு நாள் நின்னா தாங்காது. வாய்விட்டுச் சொன்னா எறங்க மாட்டாரு, வீராப்பு. மாத்துக்கு வேற பாரஸ்ட் ரேஞ்சுல இருந்து ஆளுக வந்து கீழ நிக்கிறாங்க. இங்கிருந்து பதில் வரலேன்னா எனக்கு என்னமோ ஆச்சுன்னு ஓடி வந்துருவாரு"ன்னா. "மாடிக் கதவைப் பூட்டிருங்க. வேற யாரும் கண்ணாடி காட்டிறக் கூடாது. நீங்க ஒருத்தர் நின்னு பாருங்க. வெளிச்சம் வந்துச்சான்னு மட்டும் வந்து சொல்லுங்க. உங்களைத்தான்க்கா நம்பியிருக்கேன்."

நம்பினா. நானும் நல்லபடியாத்தான் செஞ்சேன். வந்த சனத்தையெல்லாம் எறக்கிவிட்டுக் கதவைப் பூட்டினேன். "இது என்ன புதுசா"ன்னு கேட்டவளுககிட்டக்கூட விசயத்தை மூச்சு விடல.

நான் மட்டும் நிக்கிறேன். அன்னிக்குன்னு பாத்து கன்னத்துல ஒரு பரு. என்னன்னு பாத்துக்கலாமேன்னு எங்க வீட்டுக்காரரு சவரக் கண்ணாடியை எடுத்து இடுப்புல செருகியிருந்தேன். சிரிக்காதீங்கம்மா, நெசமாவே பருதான்.

சத்துணவு மணி அடிச்சது. தட்டைத் தூக்கிக்கிட்டுப் பிள்ளைக ஓடுற சத்தம் கேக்குது. நான் பாறையையே பாத்துக்கிட்டிருக்கேன். சுத்தியும் புகை, நடுவுல பாறை மட்டும் கழுவி வச்ச மாதிரி இருக்கு. பளிச். ஆத்தி! பளிச். பளிச். மூணு. மனுசன் உசுரோட இருக்காரு. கீழ ஓடிப் போய்ச் சொல்லணும்னு திரும்பினேன். சத்தியமாத் திரும்பினேன்.

அப்பப் பாத்து மறுபடியும் மூணு. கொஞ்சம் விட்டு மறுபடியும் மூணு. பதில் வரலயேன்னு கேக்குறாரு. எந்தப் பக்கம் பாத்துக் கேக்குறாரு? என் மாடியைப் பாத்து. இங்க யாரு நிக்கிறா? நான் நிக்கிறேன். அம்மா, உங்களுக்குக் கலியாணம் ஆகி எத்தனை வருசமோ தெரியல. எனக்கு இருபத்தாறு வருசம். இந்த இருபத்தாறு வருசத்துல ஒருத்தரு அப்படி விடாம என் பக்கம் பாத்து, இருக்கியா, இருக்கியான்னு கேட்டதில்ல. கை தானாப் போச்சு. காட்டினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு.

ஒடனே வந்துச்சு பாருங்க அங்கிருந்து. மூணு. அது வேற மாதிரி இருந்துச்சு, வேக வேகமா, சந்தோசமா. வெளிச்சத்துல சந்தோசம் தெரியுமான்னு கேப்பீங்க. தெரியும். நானும் காட்டினேன். அவரும் காட்டினாரு. பூ வைக்காம வந்துட்டமேன்னு இருந்துச்சு.

கீழ எறங்கிப் போய் அவகிட்டச் சொன்னேன். "வந்துச்சுடி. மூணு தடவை. நல்லாருக்காரு." அவ அப்படியே தரையில உக்காந்துட்டா. என் காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. "நீங்க ஒண்ணும் காட்டலயேக்கா?"ன்னா. "ச்சே, நான் எதுக்குடி காட்டப் போறேன்?"னேன். அம்புட்டுச் சந்தோசத்துல இருக்கா, அதை எதுக்குக் கெடுப்பானேன்னு நெனைச்சேன். மூணு நாளைக்குப் பெறகு அன்னிக்குத்தான் சோறு தின்னா. நான்தான் ஊறுகாய் எடுத்துக் குடுத்தேன். நல்லதுக்குக் காலமில்லம்மா.

மறுநாள் விடிஞ்சதும் விடியாததுமா நாட்டுக்கோழி அடிச்சிட்டா. அண்டாவுல வெந்நீர். சட்டையை அயர்ன் பண்ணிக் கொடியில மாட்டியிருக்கா. மலைப்பாதை தெருவுல சேர்ற எடத்துல போய் நிக்கிறா, வர்றா, குழம்பைக் கிண்டுறா, மறுபடி போய் நிக்கிறா. கோழிக் குழம்பு வாசம் தெருவையே தூக்குது. எனக்கு மட்டும் கை இல்லையா? நானும் ஒரு கோழி எடுத்து வச்சேன். எங்க வீட்டுக்காரரு ரெண்டு துண்டைத் தின்னுட்டு உப்பு கூடுதல்னாரு.

ஒச்சப்பன் அண்ணன் வரல. மத்தியானம் ஆச்சு, வரல. அவ குழம்பை எறக்கி, சூடு பண்ணி, எறக்கி, சூடு பண்ணி. "நெசமாவே நீங்க பதில் காட்டலயில்லக்கா?"ன்னு மறுபடி ஒருதடவை கேட்டா. ஒரே கேள்வியை எத்தனை தடவைம்மா கேப்பாங்க? எனக்குக் கோவம் வந்துருச்சு. "என்னை என்னடி நெனைச்சே?"ன்னு சத்தம் போட்டேன். குழம்பை மறுபடி அடுப்புல ஏத்தப் போயிட்டா.

சாயங்காலம் மாடியைத் தெறந்துவிட்டுட்டேன், சனம் ஏறியிருச்சு. பொழுது எறங்குற நேரத்துல பாறைக்குக் கீழ, நம்ம ஊரு பக்கமா, புதுசா ஒரு செவப்புக் கோடு. தீ தாண்டிருச்சு, ஊருக்குள்ள வருதுன்னு ஒரே கூப்பாடு. தாண்டல. அது நம்ம ஆளுகளே வச்ச தீ. பெரிய தீ வர்றதுக்கு முன்னாடி எதுக்க ஒரு தீ வச்சுச் சருகையெல்லாம் எரிச்சு விட்டுட்டா, பெரிய தீ திங்க ஒண்ணுமில்லாம நின்னுபோகும். எதிர்த்தீம்பாங்க. அதுக்குக் காத்து பாத்து வைக்கணும், பழகின ஆளு வேணும். யாரு மேல இருக்கிற பழகின ஆளு? ஒச்சப்பன் அண்ணன். தீ நின்னுச்சு. ஆனா நிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சுழிக்காத்து அடிச்சுது. இங்கிருந்தே பாத்தோம். அந்தச் செவப்புக் கோடு சட்டுன்னு மடங்கி மேல போச்சு. இன்பவள்ளி இந்தச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. சத்தம் போட்டவளுகெல்லாம் வேற ஆளுக.

காலையில வேட்டியைக் கம்புல தொட்டில் மாதிரிக் கட்டி, அண்ணனை அதுல வச்சுத் தூக்கிக்கிட்டு வந்தாங்க.

உசுருக்கு ஒண்ணும் இல்லம்மா. பயப்படாதீங்க, காபியைக் குடிங்க. வலது கைதான் வெந்துபோச்சு, விரலுக ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. புகையைக் குடிச்சுக் குடிச்சுப் பேச்சு காத்தா வருது. பெரியாஸ்பத்திரியில சேத்தாங்க. நான் சும்மா இருப்பேனா? சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், பிளாஸ்க்கு நெறைய சுடுதண்ணி எல்லாம் வாங்கிக்கிட்டு பஸ் ஏறிப் போனேன். கட்டிலைச் சுத்தி அவங்க சொந்தபந்தம் பூரா நிக்கிது. இன்பவள்ளி அவரு தலைமாட்டுல உக்காந்திருந்தா. "ஏங்க அன்னிக்கே எறங்கி வரல?"ன்னு கேட்டா. அவரு சிரிச்சாரு, அந்த நெலமையிலயும்.

"மாத்து ஆளுகிட்டச் சொல்லிட்டுக் கெளம்பத்தான் இருந்தேன். நீதான் அம்புட்டு அழகா வெளிச்சம் காட்டினியே. எப்பவும் மூணோட நிறுத்திருவ. அன்னிக்கு விடாமக் காட்டின. அதைப் பாத்துத்தான் தெம்பா மேல போனேன்"னாரு.

அவ்வளவுதான். அவ மெல்லத் தலையைத் தூக்கி என்னையப் பாத்தா. அவருகிட்ட "நான் காட்டல"ன்னு சொல்லல, அது எனக்கு ஆச்சரியமாப் போச்சு. "ஆமா"ன்னு அவரு நெத்தியைத் தடவிவிட்டா. நான் கையில சாத்துக்குடிப் பையோட நிக்கிறேன். வாங்கி வைக்கக் கூட ஒருத்தருக்கும் தோணல.

அண்ணன் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்த பெறகு ஒருநாள் இன்பவள்ளி வந்தா. வாசப்படி ஏறல. அவ கண்ணாடியை நீட்டினா, செவப்புப் பிளாஸ்டிக் போட்ட கண்ணாடி. "இது இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா"ன்னா. அம்புட்டுத்தான். அதுக்குப் பெறகு பேச்சு இல்ல. நான் போட்ட கோலத்தைக் கூட மிதிக்காமச் சுத்திப் போறா.

நீங்களே சொல்லுங்க, நான் பண்ணினதுல என்ன தப்பு? அந்த மனுசன் அங்க தவிச்சுக்கிட்டு நின்னாரு, பதில் சொன்னேன். வேணாம்னு அவதான் சொன்னா, அவரா சொன்னாரு? அவரு எறங்கியிருந்தா எதிர்த்தீயை யாரு வச்சிருப்பா? மாத்து ஆளுக வச்சிருப்பாங்கன்னு ஊரு சொல்லுது. வச்சிருப்பாங்களோ என்னமோ. கணக்குப் பாத்தா இந்த ஊரையே நான்தான் காப்பாத்தியிருக்கேன். அதை யாரும் டிவியில சொல்லல.

அவளுக்குத்தான் என்ன நட்டம்ங்கிறேன்? முன்னயெல்லாம் கோடைக்குக் கோடை புருசன் மலையில. இப்ப நாள் பூரா வீட்டோட. அவ பெசஞ்சு ஊட்டினாத்தான் அவருக்குச் சோறு. இந்தா, இங்க நின்னா அவங்க வாசல் தெரியும். மத்தியானம் மணி அடிச்சா வேப்பமரத்து நெழல்ல உக்கார வச்சு ஊட்டுவா. அவரு எதாவது சொல்லுவாரு, சத்தமே வராது, அவ காதைக் கொண்டுபோய் வாய்கிட்ட வச்சுக் கேட்டுட்டுச் சிரிப்பா. நான் வடகம் காயப்போட்டுக்கிட்டே பாப்பேன். அப்பவும் அவளுக்குத்தான், இப்பவும் அவளுக்குத்தான். சில பேரு சாதகம் அப்படி.

அடடா, என் கதையையே பேசிக்கிட்டு இருக்கேன், உங்களை ஒண்ணும் கேக்கல பாருங்க. வீட்டுக்காரரு என்ன வேலையா இருக்காரு?

என்னது?

பாரஸ்ட்டுலயா? ஒச்சப்பன் அண்ணன் எடத்துக்கு எடுத்த புது ஆளு உங்க வீட்டுக்காரரா? அப்ப முக்காலிப் பாறை தெரியிற வீடாப் பாருன்னு அவரே சொல்லி அனுப்பினாராக்கும். அதானா மாடியைக் காட்டுங்கன்னு கேட்டீங்க. இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் இம்புட்டு இழுத்திருக்க மாட்டேனேம்மா. வாடகையைப் பத்தி நெனைக்காதீங்க, கொறைச்சுக்கலாம். அட்வான்சும் மெல்லக் குடுங்க. நீங்க வேலைக்குப் போறீங்களா? பால்வாடி டீச்சரா? அப்பக் காலையில போனா சாயங்காலந்தான் வருவீங்க. மத்தியானம் மணி அடிக்கிற நேரத்துல இங்க இருக்க மாட்டீங்களே.

அதுக்கு ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? நான் எங்க போகப் போறேன்? இங்கனதான் இருப்பேன். அந்தா பாருங்க, மாடிப்படி ஆணியில தொங்குது கண்ணாடி, தினமும் தொடைச்சுத்தான் மாட்டுறேன். ஏம்மா, காபியை அப்படியே வச்சிட்டீங்களே. பாத்து எறங்குங்க, படி செங்குத்தா இருக்கும்னு சொன்னேன்ல. உங்க வீட்டுக்காரரு எத்தனை தடவை காட்டுவாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்கம்மா.